சம்பந்தி காரின் ஒன்றேகால் அங்குலம்

வல்லத்திராக்கோட்டை,
தவக்காலம் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சவரிமுத்து அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் மரியசூசை வணக்கத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. இங்கே நானும் அருளம்மாளும் சுகம். பெங்களூரில் நீங்களும், மாப்பிள்ளை லியோனும், என் மகள் ரீட்டாவும், பேத்தி ஜெனிஷாவும் சுகம் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன வருடம் நீங்கள் மகன் வீட்டோடு போய் இருக்கக் கிளம்பியபோது எங்கள் போர்ட்டிகோவில் விட்டுச் சென்ற வெள்ளைக் காண்டெஸா காரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்து இரண்டு நாள் ஆகிறது. அந்த வரி மட்டும் வர மாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் போனுக்கு வரும் செய்திகளை ரீட்டாதான் படித்துக் காட்டுகிறாள், நீங்கள் பேசும்போதும் பக்கத்திலேயே இருக்கிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். கார் சாவியை நீங்கள் என் கையில் கொடுத்த அன்று அவள் என்னைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, மாமா இந்தக் கார யார் கையிலயும் குடுத்ததே இல்ல. அத்தை போனதுக்கப்புறம் அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நீங்க சும்மா இருக்க மாட்டீங்க, எதையாச்சும் நோண்டுவீங்க. அந்த வீட்டுல என்னயத் தலகுனிய வச்சிராதீங்க" என்றாள். நான் மாதா படத்தைக் காட்டி, "தொடவே மாட்டேன் ஆத்தா" என்று வாக்குக் கொடுத்தேன்.

பத்து மாதமாக அந்த வாக்கை நான் காப்பாற்றிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படிக்கும்போது இது உங்கள் ஞாபகத்தில் இருக்கட்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நீங்கள் சொன்னபடி ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் உள்ளே உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். வெயில் படாமல் அருளம்மாளின் பழைய நூல்புடவை இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் போனில், "டேஷ்போர்டத் தெறந்து பாத்தீங்களா சம்பந்தி?" என்று கேட்பீர்கள். "ஐயையோ, அதெப்படித் தெறப்பேன்? ஒங்க பீரோவத் தெறக்குற மாதிரில்ல அது?" என்று நானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொன்னேன். நீங்களும் விடாமல், "சும்மா தெறந்துதான் பாருங்களேன்" என்பீர்கள். என் நேர்மையைச் சோதிக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு நான் இன்னும் உறுதியாக மறுத்தேன். இன்று வரைக்கும் அந்த மூடியில் என் விரல் பட்டதில்லை.

பட்டது பம்பரில்தான். சம்பந்தி, நான் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் நேர்கோடு போடச் சொல்லிக்கொடுத்தவன். கோணல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பஸ் ஸ்டாப்பில் போர்டு சாய்ந்திருந்தால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் போர்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். கார் வந்த முதல் நாளே கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, பின்னால் தெரிந்த வீட்டுச் சுவரின் பெயிண்ட் பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முன் பம்பர் டிரைவர் பக்கத்தில் கீழே இறங்கியிருந்தது. நோட்டை எடுத்து அளவோடு படம் வரைந்தேன். சரியாக ஒன்றேகால் அங்குலம். அதன்பிறகு பத்து மாதம் நான் போர்ட்டிகோ பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். "கார்கூடப் பேச்சுவார்த்த இல்லையா?" என்று அருளம்மாள் கேலி செய்தாள். போன மாதம் நீங்கள், "பாஸ்காத் திருவிழாவுக்கு ஆவூர் வாரேன் சம்பந்தி, நம்ம வண்டியிலயே தேர் பாக்கப் போவோம்" என்று சொன்னதும் எனக்குப் புத்தி மாறிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷனுக்கு அவர் கார்ப் பம்பரையாவது நேராக்கிக் கொடுப்போம் என்று குனிந்து, இரண்டு விரலால், குழந்தையின் முகவாயைத் தூக்குவது போலத்தான் தூக்கினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். அது ஒரு கிளிப் உடைந்த சத்தம் என்று பின்னால் தெரிந்தது. ஒன்றேகால் அங்குலமாக இருந்தது ஒரு சாணாக ஆகிவிட்டது.

உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஊர் முழுக்கத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ரீட்டாவுக்குத் தெரியும். போர்ட்டிகோ மேல்தளத்தில், காருக்கு முன்னால் தள்ளி, பேத்திக்குத் தொட்டில் கட்டப் போட்ட கொக்கி ஒன்று இருக்கிறது. அதில் நைலான் கயிற்றை மாட்டி, மறுமுனையைப் பம்பரில் கட்டி, சரியான உயரத்துக்கு இழுத்து முடிந்துவிட்டு, பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அற்புதமாக இருந்தது. அந்தத் திருப்தியோடு போய்ப் படுத்து ஒரு பகல் தூக்கம் போட்டேன். அருளம்மாள் வெளியே வந்திருக்கிறாள். நிழலில் ஒரு கயிறு விறைப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடமாகக் கொடிக்கயிறு கட்டித்தா என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷி, ஒருவழியாகக் கட்டிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, நனைந்த பெட்ஷீட் மூன்றையும் ஜமுக்காளத்தையும் அதில் போட்டுவிட்டாள். நான் எழுந்து வந்தபோது இடப்பக்கக் கிளிப்பும் போயிருந்தது. பம்பர் தரையில் கிடந்தது, மேலே ஜமுக்காளம் காய்ந்துகொண்டிருந்தது. "ஒரு கயிறு ஒழுங்காக் கட்டத் தெரியல, நீங்கள்லாம் என்னா வாத்தியாரு?" என்று என்னைத்தான் திட்டினாள்.

வேறு வழியில்லாமல் நாகராசுவைக் கூப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது டிராக்டர் மெக்கானிக். வந்தவன் காரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லா மெக்கானிக்கும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: "யாரு சார் இதுல கைய வச்சது?" ஒரு காலத்தில் இவன் கோடு கோணியதற்காக நான் காதைத் திருகியிருக்கிறேன். அவனிடம் போய் நான்தான் என்று எப்படிச் சொல்வது? "நாயிடா" என்று சொல்லிவிட்டேன். தவக்காலத்தில் சொன்ன பொய். அதைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். நாகராசு தெருநாயைப் பார்த்தான். அது படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அப்புறம் அவன் எனக்கு விளக்கினான்: உண்மையான பம்பர் உள்ளே இருக்கிற இரும்புதானாம், வெளியே தெரிவது அதற்குப் போட்ட சட்டை மாதிரி ஒரு கவராம், சட்டைதான் கழன்றிருக்கிறதாம். "கிளிப்பு ஒடஞ்சது மட்டுமில்ல சார், பொருத்துற எடமே கீறிப் போச்சு. இதுக்கெல்லாம் இப்ப சாமான் வாராது. கோட்டப்பட்டினத்துல ஃபைபர் ஒட்டுறவரு ஒருத்தரு இருக்காரு. மீன் பிடிக்கிற போட்டுக்கே ஒட்டுறாரு, பம்பருக்கு ஒட்ட மாட்டாரா?" என்றான். நியாயமாகத்தான் பட்டது. மனசு கலங்கியிருக்கும்போது எல்லாமே நியாயமாகப் படும்.

பம்பர் கவரை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி போய் அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். படியில் ஏற்றும்போதே கண்டக்டர், "என்னா சார் இது, பல்லக்கா?" என்றார். நாலு பேர் தலைக்கு மேலே கைமாற்றி மாற்றிப் பின் சீட்டில் குறுக்காக வைத்தோம். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பம்பர் உள்பக்கம் குழிவாக, ஒரு துண்டு விரித்தால் தொட்டில் போலவே இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிவிட்டது. குழந்தை படுத்ததும் தூங்கிவிட்டது. கோட்டைப்பட்டினம் வந்ததும் நான் எழுந்தேன். பஸ்ஸே என்னைத் திட்டியது. "இந்தா, புள்ள ரெண்டு நாளாத் தூங்கல, இப்பத்தான் கண்ண மூடிருக்கு. ஆட்டாதீங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் அந்தப் பெண். கண்டக்டரும் விசிலை மெதுவாக ஊதினார். என்ன செய்வது, குழந்தை முழிக்கும் வரை மீமிசல் வரைக்கும் போய்விட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஃபைபர் ஒட்டும் நைனா முகம்மது பெரிய வேலைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பம்பரைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு தண்ணியில ஓடும் சார்?" கார் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகியவன். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு அடுக்குப் போட வேண்டிய இடத்தில் மூன்று அடுக்கு ஃபைபர் போட்டுவிட்டார். காய்ந்ததும், "கடல்ல விட்டுப் பாத்துருவோம், அதான் நம்ம வழக்கம்" என்று தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். சம்பந்தி, அது மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளைப் பெயிண்ட் தீர்ந்துவிட்டதென்று நீலம் அடித்திருந்தார். இடது ஓரத்தில் ஒரு ஓட்டையும் போட்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். "நங்கூரக் கயிறு கட்ட" என்றவர், நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "பழக்கதோஷம் சார், மன்னிச்சுக்கங்க" என்றார்.

போகும்போது ஒற்றை ஆளாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன பம்பரை, வரும்போது லோடு ஆட்டோவில் ஏற்றி, இறக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நாகராசு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இனிமே பம்பரு தொங்காது. வண்டிதான் தொங்கும்" என்றான். டிராக்டர் போல்ட் எட்டுப் போட்டு முடுக்கினான். நான் கேட்டுக்குப் பக்கத்தில் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் பழையபடி இறங்கியிருந்தது! "அங்கிட்டு தூக்குடா" என்றேன். தூக்கினான். "இன்னுங் கொஞ்சம்." தூக்கினான். அப்படித் தூக்கியதும் சுவர்ப் பட்டையோடு அச்சாகப் பொருந்தியது. "சார், ஹெட்லைட்டுக்குக் கீழ பாருங்க. இந்தப் பக்கம் வெரல் போவல, அந்தப் பக்கம் கையே போவுது. கோணலா இருக்கு சார்" என்றான் நாகராசு. "நேர்கோடு எதுன்னு எனக்கே சொல்லித் தாறியா?" என்று நான் கத்தினேன். "கோளாறு ஒங்க கண்ணுல சார்" என்று அவனும் சொல்லிவிட்டான். பஞ்சாயத்துக்கு ஆள் வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டையும் போர்ட்டிகோவையும் கட்டிய கொத்தனார் மூக்கனுக்கு ஆள் அனுப்பினேன்.

மூக்கன் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப்பை எடுத்து வந்து பம்பரின் இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தார். "பம்பரு மட்டமாத்தான் இருக்கு" என்றார். நான் நாகராசுவை ஒரு பார்வை பார்த்தேன். அடுத்து மூக்கன் தரையில் டியூப்பைப் பிடித்தார். "ஆனா வண்டி சாஞ்சு நிக்குது சார். தரைக்கு வாட்டம் விட்டுருக்கோம்ல, தண்ணி போவ. வண்டி அகலத்துக்கு முக்கா அங்குலம் வரும்." எந்தப் பக்கம் வாட்டம் என்று கேட்டேன். மூக்கன் அருளம்மாளைப் பார்த்தார். அருளம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். விஷயம் இதுதான் சம்பந்தி: தண்ணீர் ஈசானிய மூலைக்குப் போனால்தான் வீட்டுக்கு நல்லது என்று தெருவில் எல்லாரும் சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிற என் மனைவி, எனக்கும் சாமியாருக்கும் தெரியாமல், மூக்கனிடம் ரகசியமாகச் சொல்லி அந்த மூலைக்கு வாட்டம் விட்டிருக்கிறாள். "மாதாவே ஒண்ணும் சொல்லல, நீங்க எதுக்குக் குதிக்கிறீங்க? தண்ணி எங்கிட்டாச்சும் போவத்தானே வேணும்" என்கிறாள். ஆக, நேராக இருந்த பம்பரைத்தான் நான் பத்து மாதம் கோணல் என்று வெறுத்திருக்கிறேன். மூக்கன் சொன்னது முக்கால் அங்குலம், நான் வரைந்தது ஒன்றேகால். மீதி அரை அங்குலத்தை என் பென்சில் பிசகு என்று தள்ளிவிட்டேன். நாகராசு வண்டியைச் சமதளமான ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். நீலப் பம்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கார் ஒற்றைப் புருவத்தை உயர்த்தி என்னை ஏதோ கேட்பது போல நின்றது.

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கலியாணத்தின்போது நீங்கள் எங்களிடம் ஒரு குண்டூசிகூடக் கேட்டதில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகளை உங்கள் மகளாக வைத்திருக்கிறீர்கள். பதிலுக்கு நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தது இந்தக் கார் ஒன்றுதான், அதையும் நான் பாழாக்கிவிட்டேன். என்னைத் திட்டுங்கள், பாஸ்காவுக்கு வரும்போது நாலு பேர் முன்னால் வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ரீட்டாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். அவள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கிறாள், என் கையால் அது கெட்டால் என்னால் தாங்க முடியாது. இனி என் ஆயுசுக்கும் அந்தப் பம்பரைத் தொட மாட்டேன் என்று இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன்.

ஆவூர் மாதா உங்கள் எல்லாருக்கும் நல்ல சுகமும், உங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் பொறுமையும் தருவாளாக. பேத்திக்கு எங்கள் முத்தங்கள். அருளம்மாள் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வாட்ட விஷயத்தை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
மரியசூசை.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டப் பசை தேடினேன். போன் செய்து கேட்டதில், "பம்பருக்கு வாங்குன பசைய ஒங்க டேஷ்போர்டுலயே வச்சிட்டு வந்தேன் சார்" என்கிறான் நாகராசு. அவனே திறந்துவிட்ட பிறகு எனக்கென்ன என்று நானும் திறந்தேன். பசைக்கு அடியில் உங்கள் கையெழுத்தில், என் பெயர் போட்டு, பத்து மாதத்துக்கு முந்தைய தேதியோடு ஒரு கவர். 'சம்பந்தி, நேரில் கொடுத்தால் வாங்க மாட்டீர்கள் என்பதால் இப்படி. வண்டி இனி உங்களுடையது. நான் கையெழுத்துப் போட்ட பேப்பரெல்லாம் இதிலேயே இருக்கிறது. ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள், எங்காவது இடித்தாலும் பாதகமில்லை. ஒன்றே ஒன்று. முன் பம்பர் டிரைவர் பக்கம் அரை அங்குலம் தொங்கும். என் ஸ்டெல்லா ஓட்டப் பழகிய முதல் நாள் ஆவூர்க் கோயில் மதிலில் இடித்தது. எத்தனையோ மெக்கானிக் கேட்டும் நான் கைவைக்க விட்டதில்லை. அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். உங்களிடம் இதைச் சொல்லவே தேவையில்லை, நீங்கள் எதையும் தொடாத மனுஷர்.'

சம்பந்தி, நோட்டை எடுத்து அன்று வரைந்த படத்தை மறுபடி பார்த்தேன். என் பென்சில் பிசகவில்லை. முக்கால் அங்குலம் அருளம்மாளுடையது, அரை அங்குலம் உங்கள் வீட்டம்மாவுடையது. கார் எங்களுடையதாகிவிட்டதால் மேலே எழுதிய மன்னிப்பையெல்லாம் கிழித்துப்போடுங்கள் என்கிறாள் அருளம்மாள். கார் என்னுடையதுதான். அந்த அரை அங்குலம் என்னுடையது இல்லையே. ஆகவே பம்பரை இனித் தொட மாட்டேன் என்று மேலே கூறிய உறுதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உடனே நைனா முகம்மதுவுக்குப் போன் செய்து அரை அங்குலம் தொங்கவிட முடியுமா என்று கேட்டேன். "நான் ஒட்டுனது அம்பது வருசமானாலும் தொங்காது சார்" என்று கோபித்துக்கொண்டார். நாகராசு, "எதுலயாச்சும் போயி இடிச்சாத்தான் உண்டு" என்கிறான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நாளை காலையிலிருந்து அவன் எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறான், பாஸ்காவுக்குள் பழகிவிடுவேன். மதிலில் எந்த இடம் என்பதை மட்டும் மறுதபாலில் எழுதவும்.